மூன்று தீப்பெட்டி உயரம்

போன மாதம் ஒரு பால்சா விமானக் கிட் வாங்கினேன். இறக்கை முனைக்கு முனை 18 அங்குலம், ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் ரகம். வரைபடத்தைப் பலகையில் விரித்து, பசை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே மெழுகுத்தாள் போட்டு, முன்விளிம்புக் குச்சியையும் பின்விளிம்புக் குச்சியையும் குண்டூசிகளால் அணைத்து நிறுத்த வேண்டும். நடுவில் விலா எலும்புகள் மாதிரி ரிப்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். குண்டூசியை மரத்துக்குள் குத்தக்கூடாது, குத்தினால் பிளந்துவிடும். அதெல்லாம் ஒழுங்காத்தான் செய்தேன். ஆனால் இரண்டு முனைகளையும் ஒன்றரை அங்குலம் தூக்கி வைத்து நடுவில் ஒட்டச் சொல்லி வரைபடத்தின் மூலையில் ஒரு குறிப்பு இருந்தது. சும்மா அழகுக்குத்தான் போலிருக்கிறது என்று தட்டையாகவே ஒட்டிவிட்டேன்.

மொட்டை மாடியிலிருந்து விட்டேன். கொஞ்ச தூரம் நேராகப் போச்சு. அப்புறம் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை, இன்னும் இன்னும் சாய்ந்து, சுழன்று, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதியது. மூன்று ரிப் காலி.

அந்த ஒன்றரை அங்குலத்துக்கு டைஹீட்ரல் என்று பெயர். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே சறுக்க ஆரம்பிக்கும். இறக்கைகள் லேசான V வடிவில் இருந்தால், சறுக்கும்போது வரும் காற்று தாழ்ந்த இறக்கையை அதிகக் கோணத்தில் தாக்கும். அந்தப் பக்கத் தூக்குவிசை கூடி, இறக்கை தானாக எழும். உள்ளே ஆள் இல்லாத விமானத்துக்கு இதுதான் விமானி.

ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் படத்தை இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதில் இறக்கை முனைகள் மேலே அல்ல, கீழே தொங்குகின்றன! தரையோரம் பறக்கும்போது பக்கவாட்டுக் காற்று புரட்டிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். சமநிலை விமானியின் வேலை, இயந்திரத்தின் வேலை அல்ல என்பது அவர்கள் கட்சி. ஆக, என் கிட்டில் இருந்த குறிப்பு அவர்கள் வழியில் வந்தது இல்லை.

அது வேறொருவர் வழியில் வந்தது. அல்ஃபோன்ஸ் பெனோ, 1850-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். அப்பா கடற்படை அட்மிரல். மகனுக்கு இடுப்பில் நோய், ஊன்றுகோலோடுதான் நடக்க முடியும், கப்பல் கனவு போச்சு. அவர் பொம்மை விமானம் செய்தார். முறுக்கிய ரப்பரை விசையாகப் பயன்படுத்தியதே அவருடைய பெரிய யோசனைகளில் ஒன்று. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸ் துய்லெரி தோட்டத்தில், ஆர்வலர்கள் சிலர் முன்னால், சுமார் 45 சென்டிமீட்டர் இறக்கை கொண்ட அந்தப் பொம்மையை விட்டார். 11 விநாடி, சுமார் 40 மீட்டர். முனைகள் மேல்நோக்கி வளைந்த இறக்கை, பின்னால் ஒரு வால். யாரும் ஓட்டாமல் நிலையாகப் பறந்தது. மூன்று மாதம் முன்புதான், பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில், தோட்டத்தை ஒட்டிய துய்லெரி அரண்மனை எரிந்திருந்தது. கரிந்த சுவர்களின் பக்கத்தில் ஒரு இருபத்தோரு வயதுப் பையன் பொம்மை விட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

1876-ல் முழு அளவு விமானத்துக்கு, பால் கோஷோ என்பவரோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். உள்ளே மடங்கும் சக்கரம், கண்ணாடிக் கூண்டு எல்லாம் அந்தக் காகிதத்திலேயே இருக்கின்றன. பணம் போட யாரும் வரவில்லை. நீராவி வான்கப்பல் செய்த ஆன்ரி ஜிஃபாரிடம் போய் உதவி கேட்டார், அதுவும் நடக்கவில்லை. 1880-ல், முப்பது வயதில், தற்கொலை செய்துகொண்டார். வரைபடங்களை ஒரு சின்னச் சவப்பெட்டியில் வைத்து ஜிஃபாருக்கு அனுப்பிவிட்டுத்தான் செய்தார் என்று சொல்வார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1878-ல், அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் மகன்களுக்கு ரப்பரில் பறக்கும் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்று வாங்கி வந்தார். பெனோவின் வடிவமைப்பை வைத்துச் செய்தது. பையன்கள் வில்பர், ஆர்வில் ரைட். பெரிதாக்கிச் செய்து பார்த்தார்கள், பெரிதாக ஆக ஆகப் பறக்க மறுத்தது.

பெனோ காலத்துப் பொம்மைகளில் பால்சா கிடையாது. அது 1920களில்தான் பொம்மைக்காரர்களிடம் பரவலானது. ஈக்வடாரில் விளையும் மரம், நம்ம இலவ மரத்துக்குச் சொந்தம், காயைப் பிளந்தால் உள்ளே பஞ்சு. கன மீட்டருக்கு 160 கிலோ சுமாருக்குத்தான் எடை, தேக்கில் கால்வாசி. அமெரிக்காவின் கில்லோ நிறுவனம் தொடங்கியது 1926-ல், அடுத்த வருடம் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்ட, எல்லாப் பையன்களுக்கும் விமானப் பைத்தியம். போர் வந்ததும் பால்சா பொம்மைகளிடமிருந்து பறிபோனது. உயிர்காக்கும் மிதவைகளுக்குப் போனது. பிர்ச் ப்ளைவுட் இரண்டு அடுக்குக்கு நடுவே வைக்கப்பட்டு, 1940 நவம்பரில் முதலில் பறந்த பிரிட்டனின் மாஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானத்தின் உடலாகவும் ஆனது. பொம்மை மரத்தை நிஜ விமானம் எடுத்துக்கொண்டது.

என் இறக்கைக்கு வருகிறேன். நடுவில் பிளேடால் வெட்டி, வெட்டிய இடத்தில் ரிப்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தேன். ஒரு பக்கத்தைப் பலகையில் குத்தி வைத்து, மறுமுனைக்கு அடியில் தீப்பெட்டிகளை அடுக்கினேன். முனை ஒவ்வொன்றும் மூன்று தீப்பெட்டி உயரம் என்றால், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்போது மறுபக்கத்துக்கு ஆறு வேண்டும். இது தெரியாமல் முதலில் மூன்று வைத்து ஒட்டி, மறுபடி வெட்டினேன். உடைந்த ரிப்களுக்குப் புதுசு வெட்டி, டிஷ்யூ ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவைத்ததும் முரசுத் தோல் மாதிரி இறுகியது.

நேற்று சாயங்காலம் மாடியில் விட்டேன். சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது, நிமிர்ந்தது. ஏழு விநாடி. பெனோவின் 11 இன்னும் நாலு விநாடி தள்ளி இருக்கிறது, அதுவும் அவர் தரையிலிருந்து விட்டது.