வலது நெற்றிப்பொட்டில் ஒரு மாத்திரை

எம்ஆர்ஐ ஆய்வுக்குப் படுக்க வைக்குமுன் வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவேன். உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அது இருக்கும் பக்கம்தான் வலது. என் ஊரான மறையூரிலிருந்து இந்த வேலைக்கு வந்த புதிதில், கோடி ரூபாய் இயந்திரத்துக்கு மாத்திரை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

காரணம் பழையது. 1990களில் மூளைப் படங்கள் பலவும் 'அனலைஸ்' என்ற கோப்பு வடிவத்தில் இருந்தன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவானது அது. கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் தலைப்பு 348 பைட். அதில் இடம் எது, வலம் எது என்பது உறுதியாக இராது. கதிரியக்க மருத்துவர் நோயாளியின் காலடியில் நின்று பார்ப்பதுபோல் படத்தைப் பார்ப்பார். மூளை ஆய்வாளர்கள் பலர் அதற்கு நேர்மாறு. கோப்பு கை மாறினால் மூளையே பக்கம் மாறிவிடும். பேச்சுக்கான பகுதி பெரும்பாலோருக்கு இடப்பக்கம். அது வலப்பக்கம் என்று பதிவானால் ஆய்வு முழுக்கப் பாழ்.

இந்தப் படங்களை ஆராயும் மென்பொருள்களும் தனித்தனிக் குடித்தனமாக இருந்தன. லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டன் தொடங்கிய எஸ்பிஎம், விஸ்கான்சினில் ராபர்ட் காக்ஸ் எழுதிய ஆஃப்னி, ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்எஸ்எல். 2000களின் தொடக்கத்தில் இந்தக் குழுக்கள் கூடிப் பேசி 'நிஃப்டி' வடிவத்தைக் கொண்டுவந்தன. தலைப்பு அதே 348 பைட்தான். அதற்குள்ளேயே திசைக்கும் இடம் ஒதுக்கினார்கள். பழைய கோப்பு எதையும் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. இத்துறையில் எனக்கு இதைவிடப் பெரிய காரியம் தெரியாது.

எங்கள் ஊர்க் கரும்பாலையில் சாறு பிழிபவர் ஒருவர், பாகு கிண்டுபவர் ஒருவர், சூடு ஆறுமுன் உருண்டை பிடிப்பவர் ஒருவர். பின்னர் வந்த 'நைபைப்' மென்பொருள்களை அப்படித்தான் வரிசையில் நிறுத்தியது: தலை அசைவைத் திருத்த ஒன்று, கணக்குப் போட இன்னொன்று. 2016இல் 'பிட்ஸ்' என்ற தரமுறை கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறையையே பொதுவாக்கியது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் கருச்சிசு மூளைகளின் 5132 சீவல்களை 'தரணி' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மறையூர்ப் பிள்ளையும் வீட்டிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

இத்தனை வந்தும், ஆள் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார் என்பதை இயந்திரத்தில் தவறாகப் பதிந்தால் நிஃப்டியும் தவறைத்தான் சொல்லும். அதனால் மாத்திரையை இன்றும் ஒட்டுகிறேன்.