எண்ணிக்கை விதியும் இருபத்தைந்து கார்களும்

1966, 1967ஆம் ஆண்டுகளில் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தை ஏழு லீற்றர் எஞ்சின் கொண்ட அமெரிக்க ஃபோர்ட் கார்கள் வென்றன. வேகம் எல்லை மீறுவதாக அஞ்சிய சர்வதேச மோட்டார் விளையாட்டு ஆணையம், பந்தயத்துக்கென்றே தனித்து உருவாக்கப்படும் மூலமாதிரிக் கார்களை 1968 முதல் மூன்று லீற்றருக்குள் மட்டுப்படுத்தியது. எனினும், பந்தயக்களம் வெறுமையுறாதிருக்க, ஐந்து லீற்றர் வரையான ‘விளையாட்டுக் கார்’களுக்கும் இடமளிக்கப்பட்டது. அத்தகைய காரில் ஐம்பதேனும் உற்பத்தியாகியிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அத்தொகை பின்னர் 25 ஆகக் குறைக்கப்பட்டது.

விதியை வகுத்தோர் மனங்கொண்டவை ஃபோர்ட் ஜி.ரி. 40, லோலா ரி 70 முதலிய பழைய கார்களே. பந்தயத்துக்காக இருபத்தைந்து புதிய கார்களைக் கட்டும் பெருஞ்செலவை எவரும் ஏற்கார் என அவர்கள் கருதினர். மேற்கு ஜேர்மனியின் போர்ஷே நிறுவனத்தில் பந்தயக் கார்களின் உருவாக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த ஃபேர்டினான்ட் பியெக் அக்கருத்தைப் பொய்ப்பித்தார். 4.5 லீற்றர் கொள்ளளவும் பன்னிரு சிலிண்டர்களும் கொண்ட 917 இவ்வாறு தோன்றியது.

1969 மார்ச்சில் தகுதிச் சான்று வழங்குதற்காகச் சோதனையாளர் தொழிற்சாலைக்கு வந்தபோது மூன்று கார்களே நிறைவுற்றிருந்தன. பதினெட்டு பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தன, மேலும் ஏழு கார்களுக்கான பாகங்கள் ஆயத்தமாயிருந்தன. பொருத்தினாலும் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்ய அவற்றை மீண்டும் கழற்றவே வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். சோதனையாளர் இணங்கவில்லை. நூறு கார்கள் தேவைப்பட்ட பிரிவில், நாற்பதுகூடக் கட்டப்படாத ஃபெராரி 250 ஜி.ரி.ஓ. 1962இல் பழைய மாதிரியொன்றின் திருத்தவடிவம் என்ற பெயரில் அனுமதி பெற்றிருந்தமையை நோக்குமிடத்து, இக்கண்டிப்பில் வியப்பில்லை.

அடுத்த மாதமே இருபத்தைந்து கார்களும் தொழிற்சாலை முன்றலில் வரிசையாக நிறுத்தப்பட்டன. அலுவலகப் பணியாளரும் பொருத்தும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். விரும்பிய காரை ஓட்டிப் பார்க்கலாம் எனப் பியெக் அழைத்தார். சோதனையாளர் அவ்வழைப்பை ஏற்கவில்லை. எண்ணுதற்கென நிறுத்தப்பட்ட கார்கள் எண்ணப்பட்டன, அவ்வளவே.

விதியின் குறைபாடு இங்கேதான் உள்ளது. எத்தனை கார்கள் உள என்பதை அது வினவியது. அவை அதிவேகத்தில் பாதையைப் பற்றி நிற்குமா என்பதை வினவவில்லை. தொடக்ககால 917 நேர்ப்பாதையிலேயே நிலைதடுமாறியது. அதனைக் கட்டுப்படுத்த, சக்கரத் தாங்கமைப்புடன் இணைந்து அசையும் தகடுகள் பின்புறத்தில் பூட்டப்பட்டிருந்தன. 1969 மே மாதத்தில் இத்தகைய அசையும் அமைப்புகள் தடைசெய்யப்பட்டன. சான்று பெற்ற வடிவத்திலேயே அவை அடங்கியிருந்தன என நிறுவனம் வாதிடவே, லெ மானில் 917க்கு விலக்களிக்கப்பட்டது. ஒரு விதியின் எழுத்து மற்றொரு விதிக்குக் கேடயமாயிற்று! அப்பந்தயத்தின் முதற் சுற்றிலேயே, சொந்தமாக 917 வாங்கியிருந்த பிரித்தானியர் ஜோன் வூல்ஃப் விபத்தில் உயிரிழந்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் காரின் பின்புற உடலமைப்பு மாற்றப்பட்டபின்னரே அக்குறை நீங்கியது. 1970இலும் 1971இலும் லெ மான் வெற்றி 917க்கே கிட்டியது. 1972இல் ஐந்து லீற்றர்ப் பிரிவு நீக்கப்பட்டது. வேகத்தைக் குறைக்க எழுந்த விதியின் நிழலில் பிறந்த இக்கார் 1971இல் கடந்த 5,335 கிலோமீற்றர் தூரத்தை, 2010ஆம் ஆண்டுவரை லெ மானில் எக்காரும் விஞ்சவில்லை.