ஹாஸ்கெல் மறைத்துவைத்த வாசிப்பு

ஹாஸ்கெல் மொழியில் ‘கெட்கன்டென்ட்ஸ்’ என்று எழுதினால், உள்ளே வரும் உரை முழுவதும் ஒரே சரமாகக் கைக்கு வந்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் அப்போது ஓர் எழுத்தைக்கூட வாசித்திருக்க வேண்டியதில்லை. நிரல் தொடத் தொடத்தான் வாசிப்பு நகரும். இந்த லேசி இன்புட், அருமையான ஒரு கருத்தைப் பொருந்தாத இடம்வரை நீட்டியதன் விளைவு என்பதற்கு அதன் வரலாறே சாட்சி.

கருத்து பழையது. தேவைப்படும்போது மட்டும் விரியும் பட்டியல்களைப் பீட்டர் லாண்டின் 1965லேயே விவரித்தார். 1976ல் ஃப்ரீட்மன்-வைஸ், ஹெண்டர்சன்-மோரிஸ் ஆகியோரின் கட்டுரைகள் அதை முழு மொழிக்கும் உரிய முறையாக்கின. 1990ல் வந்த ஹாஸ்கெல் 1.0, வெளியுலகத்தையே பட்டியலாகப் பார்த்தது: இயங்குதளத்தின் பதில்களை வாங்கிக்கொண்டு வேண்டுகோள்களைத் தரும் சார்புதான் நிரல். முதல் வேண்டுகோள் பிறக்கும் முன்பே முதல் பதிலை எட்டிப் பார்த்தால் நிரல் அங்கேயே சிக்கிவிடும். எந்த வேண்டுகோளுக்கு எந்தப் பதில் என்று பொருத்துவதும் எழுதுபவரின் பொறுப்பு. 1996ல் ஹாஸ்கெல் 1.3, செயல்களை வரிசையாகக் கோக்கும் மோனாட் வழியைக் கொண்டுவந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் உள்ளீட்டை லேசிச் சரமாகத் தரும் வழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. செயல்களின் வரிசையைத் தெளிவாக்க வந்த அமைப்புக்குள், வரிசை தெரியாத ஒரு செயல் ஒளிந்துகொண்டது.

விளைவைக் கோப்பில் பார்க்கலாம். திறந்து, உள்ளடக்கத்தைக் கேட்டு, உடனே மூடிவிட்டு, பிறகு அதன் நீளத்தை அளந்தால், கோப்பில் ஆயிரம் வரிகள் இருந்தாலும் பழைய தொகுப்பிகளில் பூச்சியம் வரும். உரையின் அமைப்பைப் பிரித்தறியும் பாகுபடுத்தியில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘சரி’ அல்லது ‘பிழை’ என்று விடை சொல்ல வேண்டிய பாகுபடுத்தி, கடைசி எழுத்துவரை பார்க்காமல் ‘சரி’ என்று சொல்ல முடியாது. அதற்குள் உள்ளீடு முழுவதும் நினைவகத்தில் குவிந்துவிடலாம். லேசி என்பதால் கிடைத்த லாபம் போய்விடுகிறது. 2003ல் ஜான் ஹியூஸும் ஸ்வியர்ஸ்ட்ராவும் விடையைப் படிப்படியாக வெளிவிடும் பாகுபடுத்திகளைத் தேடியது இந்த நெருக்கடியால்தான்.

சிறு நிரல்களுக்கு லேசி இன்புட் போதாதா என்று கேட்பார்கள். போதும், ஒரு வடிகட்டியை ஒரே வரியில் எழுத அதைவிட எளிய வழி இல்லை. இதைவிட வலுவான மறுப்பு அதே ஹியூஸின் புகழ்பெற்ற வாதத்திலிருந்து வருகிறது: உற்பத்தியையும் நுகர்வையும் தனித்தனியாக எழுதி இணைக்கும் பசையே லேசி முறை, அதைக் கைவிட்டால் அந்த இணைப்பும் போகும். ஆனால் 2008ல் ஓலெக் கிசெல்யோவ் முன்வைத்த இட்டரேட்டீ என்னும் முறை இந்தக் கவலைக்கு இடம் வைக்கவில்லை. அதில் நுகர்வோன் ஒரு துண்டை வாங்கி, ‘முடிந்தது’ என்றோ ‘இன்னும் வேண்டும்’ என்றோ வெளிப்படையாகச் சொல்கிறான். கோப்பைத் திறப்பதும் மூடுவதும் துண்டுகளை ஊட்டுபவனின் வேலை. இணைப்பு அப்படியே இருக்கிறது, மறைவு மட்டும் நீங்குகிறது. பைப்ஸ், காண்டூயிட் நூலகங்கள் இந்தத் தடத்தில் வந்தவை.

அட்டோபார்செக் என்னும் பாகுபடுத்தி நூலகமும் இதேபோல் துண்டு தீர்ந்தால் மீதியைக் கேட்டு நிற்கும். வெற்றுத் துண்டு கொடுத்தால் உள்ளீடு முடிந்ததென்று கொள்ளும். ஆனாலும் எவ்வளவு தூரமும் பின்வாங்க இடம் தருவதால், ஊட்டியதை எல்லாம் அது நினைவில் வைத்திருக்கிறது. அதனால் பெரிய கோப்புகளை ஒரே மூச்சில் அதனிடம் கொடுக்காமல், பதிவு பதிவாக வெட்டி ஊட்டுவதே ஏற்ற வழி.