ஓபிடி ஸ்கேனரும் வேலூர்–ஆம்பூர் பகுதிக் கார்களும்

கார் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பதிந்து வைக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கையடக்கக் கருவி ஓபிடி ஸ்கேனர் ஆகும். முன்பு நிறுவனப் பணிமனைகளில் மட்டும் இருந்த இந்த வசதி இன்று வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கார்களும் இக்கருவிக்குப் பதில் தருவதில்லை. அதற்கான காரணம் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் வரலாற்றிலும் இருக்கிறது.

தோற்றம்

கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்கள் முதல், புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்பு பழுதானால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்று விதித்தது. அப்போது செருகுவாயும் குறியீடும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் ஓபிடி-2 கட்டாயமானபோது 16 முனைச் செருகுவாயும் பொதுக் குறியீடுகளும் வந்தன.

செருகுவாய் ஒன்றானாலும் மொழி ஒன்றாகவில்லை. ஐந்து தகவல் நெறிமுறைகள் புழக்கத்தில் இருந்தன. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் முறையே 2008 மாடல் முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்டது. 2005இல் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட இஎல்எம்327 சில்லு இந்த நெறிமுறைகளையெல்லாம் கையாண்டதால் ஸ்கேனர் மலிவானது. அதன் போலிகளும் பெருகின. அவற்றுள் பல எல்லா நெறிமுறைகளையும் அறியா.

இந்தியாவில்

2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 13 பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு உட்பட்ட கார்களில் ஓபிடி-1 கட்டாயமானது. 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 வந்தது. முன்னது பெரும்பாலும் மின்னிணைப்பு அறுந்ததா என்று பார்க்கும். பின்னது வினையூக்கி, ஆக்சிஜன் உணரி ஆகியவற்றின் செயல்திறனையும் கண்காணிக்கும்.

அந்த முதல் பட்டியலில் சென்னையும் பெங்களூருவும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் உள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி இல்லை. 2017 ஏப்ரல் 1 அன்றுதான் இவ்விதி நாடு முழுமைக்கும் பொதுவானது.

இதில் ஒரு முரண் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் பகுதியைக் கெடுத்தது பற்றிய வேலூர் வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. பின்னர் டில்லி வாகனப் புகை வழக்கிலும் நீதிமன்றம் அக்கோட்பாட்டை எடுத்தாண்டது. சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அடித்தளம் தந்த பகுதிக்கு, புகையைக் கண்காணிக்கும் கார் விதி பெருநகரங்களுக்குப் பிறகே வந்து சேர்ந்தது.

இன்றைய விளைவு

இப்பகுதியில் 2017க்கு முன் விற்கப்பட்ட கார்களுள் சில பொது ஓபிடி மொழி அறியாதவை. பழைய கார்கள் பலவற்றில் 16 முனைச் செருகுவாய் இருந்தும், உள்ளே ஓடுவது நிறுவனத்தின் சொந்த மொழி.

ஸ்கேனரில் விளக்கு எரிவதை வைத்து இணைப்புக் கிடைத்ததாகக் கொள்ள முடியாது. 16ஆம் முனை பேட்டரி மின்சாரத்தை மட்டுமே தருகிறது. தகவல், கேன் முறையில் 6, 14 ஆம் முனைகள் வழியாகவும், பழைய முறைகள் சிலவற்றில் 7ஆம் முனை வழியாகவும் வருகிறது. எனவே சாவியை ஆன் நிலையில் வைத்தபின், எந்த முனைகளில் உலோகத் தகடு உள்ளது என்று பார்ப்பதும், வண்டி எந்த ஸ்டேஜ் விதிப்படி செய்யப்பட்டது என்று பதிவுச் சான்றில் பார்ப்பதும் முதல் வேலை. கருவியைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

புகையைக் கண்காணிக்கப் பிறந்த இந்தச் செருகுவாய், சிறு பணிமனை மெக்கானிக்கும் கார் உரிமையாளரும் பழுதைத் தாமே அறியும் வழியையும் திறந்துவிட்டது.