உப்பும் பிரேக்கும்

கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு உப்பின் குணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சன்னல் கம்பி, கேட்டுக் கீல், சைக்கிள் ரிம் எதையும் அது விட்டுவைப்பதில்லை. அதே உப்பு அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பிரேக்கையே ஏமாற்றிய கதை இது.

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும்; வண்டியோ வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. இதற்கு முதலில் வழி தேடியவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரரான கப்ரியேல் வுவாசேன். (பிரெஞ்சில் படித்த எனக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும், வுவாசேன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்.) 1920களில் அவர் முயன்றது விமானச் சக்கரங்களுக்காக. மின்னணு முறையில் இயங்கும் போஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ்., 1978இல் மெர்சிடிஸ் காரில் வந்தது.

பிக்கப் வண்டிக்கு இது இன்னும் அவசியம். பின்னால் சுமை இல்லாவிட்டால் பின்சக்கரங்கள் எளிதில் வழுக்கி, வண்டியே சுற்றிவிடும். அதனால்தான் ஃபோர்டு நிறுவனம் 1987இல் தன் எஃப் வரிசை பிக்கப்புகளின் பின்சக்கரங்களுக்கு ஏ.பி.எஸ். பொருத்தியது. பிறகு நான்கு சக்கரங்களுக்கும் வந்தது.

இங்கேதான் உப்பு நுழைகிறது. பனிக்காலத்தில் சாலையில் உறைந்த பனியைக் கரைக்க அங்கே உப்பைக் கொட்டுவார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 1999 முதல் 2002 வரையிலான பிக்கப்புகளில், முன்சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறியது. துரு தடிக்கத் தடிக்க, சென்சார் கொஞ்சம் மேலே எழும்பியது. அந்தச் சிறு இடைவெளியே போதும். வண்டி மெதுவாகப் போகும்போது சென்சாரின் சமிக்ஞை மங்கிவிடும். உடனே கட்டுப்பாட்டுக் கருவி, 'சக்கரம் பூட்டிக்கொண்டது' என்று நினைத்து பிரேக் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். சக்கரமோ ஒழுங்காகத்தான் சுழன்றுகொண்டிருக்கும்! சிக்னலில் நிற்கப் போகும் கடைசி நொடியில் கால் மிதியில் இருந்தும் வண்டி நிற்காமல் நகரும். முன்னால் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால்?

2005இல் அந்நிறுவனம் சுமார் 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வைத்தியம் என்னவோ எளியதுதான்: துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, தேவைப்பட்டால் சென்சாரை மாற்றுவது.

இதைப் படித்தபோது எனக்கு நான் வேலை பார்த்த அலுவலகம் நினைவுக்கு வந்தது. கீழிருந்து போகும் குறிப்பில் ஒரு எண் தவறினால், மேலே இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆணை தவறாகத்தான் வரும். பாதிக்கப்படுபவர் வெளியே வரிசையில் நிற்பவர். ஏ.பி.எஸ். கருவி முட்டாள் அல்ல. அதற்குப் போன குறிப்புதான் பொய்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, நாமும் உப்புக்காற்றில்தான் வாழ்கிறோம். அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது, சக்கரத்தைக் கழற்றி சென்சார் பக்கமும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.