நைஜர் நதிக்கரையின் நாட்குறிப்புகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலாளியும், பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்ணும், ஞாயிறு பள்ளிச் சிறுவனும் வாரத்துக்கு ஒரு பென்னி வீதம் மிஷன் ஊழியத்துக்குச் சந்தா செலுத்திவந்தார்கள். அந்தச் சிறு காசுக்குப் பிரதியாக அவர்களுக்குக் கிடைத்தது, மரச்செதுக்குப் படம் ஒன்றைத் தலையில் தாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்த ஒரு மெல்லிய காகிதம். 1799-இல் தோன்றிய சர்ச் மிஷனெரி சங்கம், அதாவது நம் திருநெல்வேலிக்காரர்கள் இன்றும் 'சி.எம்.எஸ்.' என்று உரிமையோடு குறிப்பிடும் அதே சங்கம், 1816 முதல் இவ்வாறு சந்தாதாரர்களுக்குக் காகிதம் விநியோகித்துவந்தது. பின்னர் 1841-இல் ஒரு மாதப் பத்திரிகையும் 1849-இல் கனமான மற்றொரு பத்திரிகையும் அதனோடு சேர்ந்துகொண்டன. அச்சு இயந்திரத்துக்குத் தீனி வேண்டும். ஆகவே தூரதேசங்களில் ஊழியம் செய்தவர் ஒவ்வொருவரும் தினசரி நாட்குறிப்பு எழுதி, காலாண்டுதோறும் அதன் பிரதியைக் கிரமமாக லண்டனுக்கு அனுப்பவேண்டும் என்ற நியதி ஏற்பட்டது. பாளையங்கோட்டையில் இரேனியஸ் ஐயர் எழுதியதும் இந்த நியதியை ஒட்டியே. அவர் 1838-இல் காலமான பிறகு அவருடைய மகன் வெளியிட்ட சரித்திரத்தில் பெரும்பகுதி அந்த நாட்குறிப்புகளேயாகும்.

இப்படி எழுதப்பட்டவற்றை வாசிக்கிறவர் முதலில் சற்றுச் சலிப்படைவது இயல்பே. எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எந்த வசனத்தின்மீது பிரசங்கம் நடந்தது, எவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது என்னும் கணக்குகள் பக்கம் பக்கமாக நீளும். பணம் கொடுக்கிறவனுக்கு நம்பிக்கையும் வேண்டும், பரிதாபமும் வேண்டும். முன்னது இல்லையென்றால் கொடுப்பது வீண் என்று நினைப்பான், பின்னது இல்லையென்றால் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை என்று நினைப்பான். ஆகையால் ஆப்பிரிக்காவை எப்போதும் இருளடைந்ததாகவும், அதே சமயத்தில் விடியப்போவதாகவும் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் எழுதுகிறவனுக்கு இருந்தது. ஆனால் அந்தக் கட்டுக்குள் அடங்காத பக்கங்களும் உண்டு. அவற்றுள் மிகச் சிறந்தவை ஆங்கிலேயர் எழுதியவை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

1837-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சியரா லியோனிலிருந்து சங்கத்தின் காரியதரிசிக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் சாமுவேல் கிரௌதர் என்னும் பள்ளி ஆசிரியர். யோரூபா தேசத்தில் ஓசோகுன் என்ற ஊரில் ஏறத்தாழ 1809-இல் அஜாயி என்ற பெயரோடு பிறந்த அவர், தாம் அடிமையாகப் பிடிபட்ட விருத்தாந்தத்தை எழுதும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார். 1821-இல் ஒருநாள் காலை, வீடுகளில் ஆகாரம் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், பகைவர் ஊரைச் சூழ்ந்துகொண்டார்கள். தாயும் சகோதரிகளும் சிறுவனும் ஓடமுயன்று பிடிபட்டு, கழுத்தில் கயிறு பூட்டப்பட்டு, எரியும் ஊரைப் பின்னால் விட்டு நடந்தார்கள். பிறகு சிறுவன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டான். ஒருமுறை ஒரு குதிரைக்கு ஈடாகக் கைமாறினான். அந்தப் பேரம் பிடிக்காமல் போகவே திருப்பியும் அனுப்பப்பட்டான். இப்படிப் பல கைகள் மாறி, கடற்கரையை நெருங்க நெருங்க, வெள்ளையரிடம் விற்கப்படுவோம் என்ற பயத்தில் இடைக்கச்சையால் கழுத்தை இறுக்கிச் சாகவும் எண்ணி, துணிவு வராமல் விட்டதாக அவர் எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது சோகம் மிக்க அந்த இடங்களல்ல. 1822 ஏப்ரலில் லாகோஸ் துறையில் போர்த்துக்கேயக் கப்பலில் ஏற்றப்பட்ட அடிமைகளை, ரோந்து சுற்றிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வழிமறித்து மீட்டன. சிறுவர் சிலர் போர்க்கப்பலுக்கு மாற்றப்பட்டார்கள். மேல்தளத்தில் வெள்ளைத் தோலோடு கூடிய இறைச்சி தொங்கிக்கொண்டிருந்தது. அருகே கருத்த உருண்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தங்கள் ஊரில் பன்றியை நெருப்பில் வாட்டி ரோமம் போக்குவதே வழக்கமாதலால், தோல் வெளுத்த பன்றியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. எனவே தொங்குவது தங்களோடு வந்தவர்களின் மாமிசம் என்றும், உருண்டைகள் அவர்களுடைய தலைகள் என்றும் முடிவுசெய்து நடுங்கினார்கள். பிறகு மெல்ல நெருங்கிப் போய், குளம்பு பிளந்திருப்பதைப் பார்த்துப் பன்றியென்றும், தொட்டுப் பார்த்து இரும்புக் குண்டுகளென்றும் தெரிந்துகொண்டு ஆறுதலடைந்தார்களாம். நரமாமிசம் தின்கிறவர்களைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனதாக நூல் எழுதிய ஐரோப்பியர் எத்தனையோ பேர். ஐரோப்பியனையே நரமாமிச பக்ஷிணியாகக் கண்டு அஞ்சிய ஆப்பிரிக்கச் சிறுவனின் கண்வழியே அந்தக் கப்பலைச் சந்தாதாரர்களுக்குக் காட்டியது இந்தக் கடிதம். அதில் கசப்பு இல்லை, மெல்லிய நகைச்சுவைகூட இருக்கிறது.

ஃப்ரீடவுனில் கரையிறக்கப்பட்ட சிறுவன் எழுத்துக் கற்று, 1825-இல் ஞானஸ்நானம் பெற்று, 1827-இல் ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணாக்கருள் ஒருவனானான். அவனைப் போலவே அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட அசானோ என்ற பெண்ணே பின்னர் சூசன் என்ற பெயரில் அவருக்கு மனைவியானாள்.

1841-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் மூன்று நீராவிக் கப்பல்களை நைஜர் நதிக்குள் அனுப்பிற்று. அடிமை வியாபாரத்தை வேரறுக்க உடன்படிக்கைகளும், விவசாயத்துக்கு ஒரு மாதிரிப் பண்ணையும், மதபோதனையும் ஒருங்கே செல்லவேண்டும் என்பது திட்டம். ஜுரம் அத்தனையையும் குலைத்துவிட்டது. சென்ற ஐரோப்பியருள் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சங்கத்தின் சார்பில் உடன்சென்ற ஷோன் என்ற ஜெர்மானிய போதகரும் கிரௌதரும் எழுதிய நாட்குறிப்புகள் மறு வருஷமே நூலாக வெளிவந்தன. படையெடுப்புப்போல் புறப்பட்ட பெரும் பிரயாணத்தில் எஞ்சியது அந்த நூல்தான் என்றுகூடச் சொல்லிவிடலாம். அதைப் படித்த லண்டன் கமிட்டியார் கிரௌதரின் நிதானத்தை மதித்து, அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்து, 1843-இல் குருப்பட்டம் பெறச் செய்தார்கள். அதே வருஷம் அவருடைய யோரூபாச் சொற்றொகுதியும் அச்சேறியது.

பின்னர் தம் சொந்த ஜனங்களிடம் செல்ல அவர் புறப்பட்டபோது, வழியில் யுத்தம் மூண்டிருந்தபடியால் பாதாக்ரி என்னும் கடற்கரை ஊரில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 1846 ஆகஸ்டில்தான் அபெயோகுட்டா நகருக்குள் பிரவேசித்தார். அந்த மாதம் 21-ஆந் தேதி அவருடைய நாட்குறிப்பில் இருப்பது பிரசங்கக் குறிப்பல்ல. இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் பிரிந்த தாய், மகன் வந்திருக்கும் செய்தி கேட்டு, அடுத்த ஊரிலிருந்து தேடி வந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. அவள் மெலிந்த கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. சிறுவயதில் வழங்கிய பெயரைச் சொல்லி அழைத்தாள். அன்றைய கிறிஸ்தவப் பஞ்சாங்கத்தில் அச்சாகியிருந்த வேதவசனம் திக்கற்ற பிள்ளைகளுக்கு ஆண்டவர் துணை என்னும் பொருளுடையது என்பதையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். அந்த அம்மை, அஃபாலா என்பது அவள் பெயர், 1848-இல் ஞானஸ்நானம் பெற்று ஹன்னா ஆனாள். வேதத்தில் மகனைத் தேவனுக்கென்று கொடுத்த சாமுவேலின் தாயின் பெயரை அவளுக்குத் தேர்ந்ததில் மகனுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

கிரௌதரைப் போலவே சியரா லியோனிலிருந்து திரும்பிய உபதேசியார் பலர் யோரூபா ஊர்களில் வேலைசெய்தார்கள். அவர்களுடைய நாட்குறிப்புகளில்தான் சந்தைக்கடை வாக்குவாதங்களும், இஃபா குறிசொல்லும் பூசாரிகளோடு நடந்த நீண்ட சம்பாஷணைகளும், அம்மை கண்ட ஊரின் கலக்கமும், அடமானமாக வைக்கப்பட்ட பிள்ளைகளின் நிலையும் கண்முன் நிற்கின்றன. பூசாரியைத் தோற்கடித்ததாக எழுதுவதே வழக்கமென்றாலும், பூசாரி சொன்ன பதிலையும் பல இடங்களில் நேர்மையாகவே எழுதிவைத்தார்கள். சில வேளைகளில் பதிலே கேள்வியைவிடக் கூர்மையாக இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. மொழி தெரியாத ஐரோப்பியனுக்கு மௌனமாகத் தெரிந்த கூட்டம், மொழி அறிந்தவனுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. இன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் காப்பாற்றப்பட்டுவரும் இந்தக் காகிதங்களைப் புரட்டாமல் அந்த தேசத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரித்திரத்தை எழுத முடியாது. லண்டன் ஆசிரியர்களின் கத்தரிக்கோலுக்குத் தப்பி அச்சில் வந்தவை சொற்பமே.

1854-இல் டாக்டர் பெய்க்கி என்பவர் தலைமையில் 'ப்ளையாட்' என்ற கப்பல் நைஜரில் ஏறிச் சென்று, கொய்னாவைத் தினந்தோறும் முன்கூட்டியே கொடுத்துவந்ததன் பயனாக, ஐரோப்பியர் ஒருவரும் இறவாமல் திரும்பிற்று. அதிலும் கிரௌதர் சென்றார், நாட்குறிப்பு எழுதினார், அது 1855-இல் நூலாயிற்று. 1857-இல் ஒனிட்சாவில் மிஷன் தொடங்கியபோது அங்கே தங்கியவர் இக்போ பெற்றோருக்குச் சியரா லியோனில் பிறந்த டெய்லர் என்பவர். நைஜர் மிஷன் முழுவதும் ஆப்பிரிக்கரைக் கொண்டே நடந்தது. உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆண்டு, தானே தாங்கி, தானே பரப்பவேண்டும் என்று வாதாடிய காரியதரிசி ஹென்றி வென், 1864 ஜூன் 29-இல் கேன்டர்பரி தேவாலயத்தில் கிரௌதரை அத்தியட்சராக அபிஷேகம் செய்விக்கும்வரை ஓயவில்லை. ஆங்கிலிகன் சபையில் முதல் ஆப்பிரிக்க அத்தியட்சர் அவரே. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்தச் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக 1912-இல் கல்கத்தாவில் அபிஷேகமானதற்கு நாற்பத்தெட்டு வருஷங்கள் முந்திய சம்பவம் இது. ஆனால் அபெயோகுட்டாவில் இருந்த ஐரோப்பியப் போதகர்கள் ஒரு கறுப்பு மனிதரின் அதிகாரத்துக்கு உட்பட மறுத்தபடியால், அவருடைய சொந்த யோரூபா நாடு அவருடைய ஆளுகைக்கு வெளியே விடப்பட்டது.

ஆங்கிலேய வாசகரின் ஆர்வமோ இதற்குள் வேறு திசையில் போய்விட்டது. 1857-இல் வெளியான லிவிங்ஸ்டனின் பிரயாண நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றபின், மிஷனெரி என்றால் காட்டில் தனியே நடக்கும் வீரன் என்ற சித்திரம் மக்கள் மனத்தில் பதிந்தது. அந்த வீரனே 1871-இல் காகிதம் தீர்ந்துபோய், பழைய ஆங்கிலச் செய்தித்தாளின் அச்செழுத்துக்களுக்குக் குறுக்கே உள்ளூர்ச் சாயத்தை மையாக்கி எழுதியதை, 2011-இல் விஞ்ஞானிகள் விசேஷ ஒளிப்படங்களால் மீண்டும் படித்தார்கள்; தம் கூட்டத்து ஆட்களின்மேல் அவர் எழுதியிருந்த கடுமொழிகள் பின்னர் அவர் கையாலேயே மென்மையாக்கப்பட்டிருந்தன. அவர் மரித்தபோது மரத்தில் பெயர் செதுக்கியவரும், சடலத்தைக் கடற்கரைக்குச் சுமந்து சென்ற பிரயாணத்துக்கு நாட்குறிப்பு எழுதியவரும் ஜேகப் வெயின்ரைட் என்னும் ஆப்பிரிக்க இளைஞர். அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, நம் நாட்டு நாசிக்கில் சி.எம்.எஸ். நடத்திய ஆசிரமத்தில் படித்தவர். அவருடைய ஏட்டுக்கு எஜமானுடைய ஏட்டுக்குக் கிடைத்த வாசகர்கள் கிடைக்கவில்லை.

கடிதங்களால் உயர்ந்த கிரௌதரைக் கடிதங்களே வீழ்த்தின. 1880-களின் முடிவில் கேம்பிரிட்ஜிலிருந்தும் வேறிடங்களிலிருந்தும் புதிய பக்தி வைராக்கியத்தோடு நைஜருக்கு வந்த இளைஞர் சிலர், முன்பிருந்தவர்களெல்லாம் வியாபாரிகள், அரைக் கிறிஸ்தவர்கள் என்று லண்டனுக்கு எழுதத் தொடங்கினார்கள். குற்றச்சாட்டுகளில் சில உண்மையே; தனித்த ஊர்களில் மேற்பார்வையின்றி இருந்த ஊழியருள் தவறியவர் இருந்தார்கள். ஆனால் இருபது வயது கடந்த சில வருஷங்களே ஆனவர்கள், எண்பது வயதுக் கிழவரின் முன்னிலையில் அவருடைய குருமாரை விசாரித்துத் தள்ளிவைத்ததற்கு வைராக்கியம் மட்டுமே காரணமாகாது. 1886-இல் சாசனம் பெற்ற ராயல் நைஜர் கம்பெனியின் காலம் அது; ஆப்பிரிக்கனைக் கூட்டாளியாக எண்ணிய வென்னின் தலைமுறை மறைந்து, ஆளப்படவேண்டியவனாக எண்ணிய தலைமுறை வந்துவிட்டது. 1890 ஆகஸ்டில் ஒனிட்சாவில் கூடிய கமிட்டியிலிருந்து அத்தியட்சர் விலகினார். 1891 டிசம்பர் 31-இல் லாகோஸில் காலமானார். அவரை விசாரித்தவர்களில் முக்கியமான இருவரும் அந்த வருஷத்திலும் அடுத்த வருஷத்திலும் ஜுரத்துக்கே இரையானார்கள். அவர் வகித்த பீடத்துக்கு ஐரோப்பியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கிரௌதருடைய மகன் டான்டிசன், 1892-இல் டெல்டாப் பகுதிச் சபைகளைத் திரட்டிச் சங்கத்தின் பணம் வேண்டாமென்று தனியே நடத்தலானார்.

காலாண்டு தவறாமல் லண்டனுக்கு எழுதிப் பழகிய கைகள் வேறு வாசகருக்கும் எழுதத் தொடங்கின. ஓயோ நகரில் குருவாக இருந்த சாமுவேல் ஜான்சன் என்பவர், முதியோர்களிடமும் அரண்மனைப் பாடகரிடமும் கேட்டுச் சேகரித்தவற்றைக் கொண்டு, தம் ஜனங்கள் தம் முன்னோரின் கதையை மறந்துவிடலாகாது என்பதற்காக யோரூபாச் சரித்திரம் ஒன்றை எழுதி 1897-இல் முடித்தார். கையெழுத்துப் பிரதி ஒரு மிஷன் சங்கத்தின் மூலம் இங்கிலாந்திலுள்ள பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே எங்கோ வைத்துத் தவறிப்போயிற்று. 1901-இல் ஆசிரியர் இறந்தார். வைத்தியரான தம்பி ஒபதையா, அண்ணனுடைய குறிப்புகளை வைத்துக்கொண்டு முழுவதையும் மறுபடி எழுதினார். 1916 ஜனவரியில் 'அப்பாம்' என்ற கப்பலில் அதை அனுப்பியபோது ஜெர்மானியர் அந்தக் கப்பலைச் சிறைபிடித்து அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு வருஷங்களுக்குப் பின் கையெழுத்துப் பிரதி அச்சகம் வந்தது. யுத்தகாலக் காகிதப் பஞ்சமும் நீங்கி 1921-இல் புத்தகம் வெளியாயிற்று. யோரூபா மக்களின் பழைய சரித்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் எடுத்து விரிப்பது அதைத்தான்.