வாட்ஸ் தேவாலயத்தில் இரண்டு இரவுகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் சென்ற நூற்றாண்டில் நெடுங்காலம் ஒரு வழக்கு நடந்து வந்தது. கர்த்தரைத் துதிக்கும் கண்டத்தால் காதலையும் விரகத்தையும் பாடலாமா, சனிக்கிழமை இரவு மதுக்கடையில் ஒலித்த சங்கீதத்தின் சாயல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்கலாமா என்பதே அவ்வழக்கு. அதற்கு மூல புருஷர் என்று ஒருவரைக் காட்டவேண்டுமானால் தாமஸ் டார்ஸியையே காட்டவேண்டும். ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து, ‘ப்ளூஸ்’ பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்துப் பேர் பெற்றிருந்த அவர், 1932ஆம் ஆண்டில், தாம் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் மனைவியைப் பிரசவத்திலும், பிறந்த சிசுவை அடுத்துமாகப் பறிகொடுத்த ஆறாத் துயரில் இயற்றியதே ‘ப்ரெஷஸ் லார்ட்’ என்னும் கீதம். பழைய ஞானப்பாட்டு ஒன்றின் மெட்டைத் தழுவிய அதில் ப்ளூஸ் இசையின் ஏக்கம் முழுவதும் குடிபுகுந்திருந்தது. ஆசாரம் மிக்க சபைகள் இத்தகைய பாட்டுகளுக்கு முதலில் கதவடைத்தன. பின்னர் மெல்ல மெல்லத் திறந்தன. ஆனால் எதிர்த்திசையில் செல்வோரை மன்னிக்க அவற்றுக்கு மனம் வரவில்லை. ‘ஸோல் ஸ்டிரர்ஸ்’ குழுவில் பக்தி கீதம் பாடி விசுவாசிகளை உருக்கிய சாம் குக், 1957இல் சினேகமும் காதலும் பாடப் புறப்பட்டபோது, அவர்களில் பலர் அதைத் துரோகமாகவே கருதினர்.

அரீத்தா ஃபிராங்க்ளின் இந்த வழக்கின் நடுவே வளர்ந்தவர். தந்தையார் சி. எல். ஃபிராங்க்ளின் டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் போதகர். இசைத்தட்டுகளாக விற்கும் அளவுக்கு அவருடைய பிரசங்கங்கள் பிரசித்தி பெற்றிருந்தன. பக்தி கீதப் பாடகியரான மஹாலியா ஜாக்ஸனும் கிளாரா வார்டும் அவ்வீட்டுக்கு வந்து போகிறவர்கள். ஓர் அத்தையின் மரணச் சடங்கில் பாடிய கிளாரா வார்ட், பாட்டின் ஆவேசத்தில் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்ததைக் கண்ட கணத்திலேயே தாம் பாடகியாவது என்று தீர்மானித்ததாக அரீத்தா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதினான்காம் வயதில், 1956இல், தந்தையின் சபையிலேயே அவருடைய முதல் பதிவுகள் நிகழ்ந்தன. பிறகு 1960இல் கொலம்பியா கம்பெனியில் சேர்ந்தார். 1967இல் அட்லாண்டிக் கம்பெனிக்கு மாறி, பியானோவில் தாமே அமர்ந்து, தேவாலயத்தில் கற்ற தொண்டையை மறைக்காமல் திறந்து பாடிய பின்னரே உலகம் அவரை ‘ஸோல்’ இசையின் ராணி என்று கொண்டாடியது.

அந்தக் கீர்த்தியின் உச்சியில் நின்றபோதுதான், 1972ஆம் ஆண்டு ஜனவரி 13, 14 தேதிகளில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சபையில் ‘அமேஸிங் கிரேஸ்’ என்னும் இரட்டை இசைத்தட்டு பதிவாயிற்று. 1965இல் கலவரத் தீயில் வெந்த வட்டாரம் அது. ஆலயமோ முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடம். மேடைக்குப் பின்புறச் சுவரில் யோர்தான் நதியில் நிற்கும் இயேசுவின் ஓவியம். அதன் கீழே கறுப்புச் சட்டையும் வெள்ளி நிற அரைக்கோட்டும் அணிந்த தென் கலிபோர்னியா சமுதாயப் பாடகர் குழு. அதை நடத்தியவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன். இரு இரவுகளுக்கும் தலைமை வகித்துப் பியானோவும் வாசித்த போதகர் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட், ஒரு காலத்தில் டெட்ராய்டில் அரீத்தாவின் தந்தையாரது சபையில் இசைப் பொறுப்பு வகித்தவர். இவர்களுக்கு நடுவே பெர்னார்ட் பர்டியின் டிரம், சக் ரெய்னியின் பாஸ் கிதார், கார்னெல் டூப்ரியின் கிதார் என்று, அரீத்தாவின் உலகியல் பாட்டுகளுக்குத் தாளம் கொடுத்த அதே வாத்தியக்காரர்கள் அமர்ந்திருந்தார்கள்.

இந்த ஒரு காரியத்தினாலேயே, அரீத்தா ‘திரும்பி வந்தார்’ என்று அன்று பலர் எழுதியது எனக்கு உடன்பாடாகவில்லை. கெட்ட குமாரன் தகப்பன் வீட்டுக்கு மீண்ட கதையன்று இது. தம் மகள் சபையை விட்டு ஒருபோதும் நீங்கியதில்லை என்று இரண்டாம் இரவில் தந்தையாரே எழுந்து சொன்னது, மகள்மீது கொண்ட வாஞ்சையால் சொன்ன வார்த்தை மட்டுமன்று. அவ்விரவுகளில் பாடப்பட்டவற்றைப் பார்த்தாலே அது விளங்கும். ஸோல் பாடகர் மார்வின் கேயின் பாட்டு ஒன்று. பிராட்வே நாடகமொன்றிலிருந்து ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, டார்ஸியின் ‘ப்ரெஷஸ் லார்ட்’ கீதத்தோடு, முந்திய ஆண்டில்தான் கரோல் கிங் பாடிப் பிரபலமாக்கிய நட்புப் பாட்டை அவர் ஒரே பாட்டாகப் பின்னியிருக்கிறார். துக்கத்தில் பிறந்த கீதம் எங்கே முடிந்தது, வானொலிப் பாட்டு எங்கே தொடங்கியது என்று கேட்பவனால் பிரிக்க முடியவில்லை. பாட்டில் வரும் நண்பன் கர்த்தராகவே ஆகிவிடுகிறார். டார்ஸியை எந்தச் சபைகள் ஒதுக்கினவோ அச்சபைகளின் பேரப்பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டி அதை ஏற்றுக்கொள்ளும் ஒலியும் தட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்த ஒலியைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். பாடகர் ஓர் அடி பாட, சபை மறுமொழி கூறி, அம்மறுமொழியின் உற்சாகத்தால் பாடகர் அடுத்த அடியை மேலும் உயர்த்துவதே இச்சங்கீதத்தின் ஜீவன். ஸ்டூடியோவின் சுவர்களுக்கு நடுவே இது நிகழ்வது அரிது. முதல் இரவில் பாடிய ‘அமேஸிங் கிரேஸ்’ இதற்கு உத்தமமான சான்று. அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் தலைவராக இருந்து, பின் மனம் மாறிக் குருவான ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர் எழுதி, 1779இல் அச்சேறிய பாட்டு அது. அந்த அடிமைகளின் சந்ததியாரே அதைத் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். அரீத்தா அதைத் தாளக்கட்டு இல்லாமல், விருத்தம் பாடுவதுபோலப் பத்து நிமிஷத்துக்கு மேல் விரித்துக்கொண்டே போகிறார். ஒரே சொல்லை எடுத்து, மேலே ஏற்றி, கீழே வளைத்து, நிறுத்தி, மறுபடியும் எடுக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சபையிலிருந்து ஒரு குரல் அவரைத் தாங்குகிறது. பாட்டு நடக்கையிலேயே கிளீவ்லாண்ட் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். இரண்டாம் இரவில் முன்வரிசையில் தந்தையாரும் கிளாரா வார்டும் இருந்தார்கள். மகள் பியானோவில் அமர்ந்து பாட, தந்தை எழுந்து சென்று அவர் முகத்து வியர்வையைக் கைக்குட்டையால் துடைக்கிறார்.

இந்தக் காட்சியை நாம் காணமுடிவது திரைப்பட இயக்குநர் சிட்னி பொல்லாக் அவ்விரவுகளில் எடுத்த படத்தால். ஆனால் காட்சிகளையும் ஒலியையும் பின்னால் பொருத்துவதற்கு வேண்டிய அடையாளப் பலகையைப் படப்பிடிப்பின்போது தட்டாமல் விட்டார்கள். அதனால் படச்சுருள்கள் பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தன. புதிய கருவிகளால் பொருத்தி முடித்த பின்பும் அரீத்தா வழக்காடித் தடுத்தார். 2018 ஆகஸ்டில் அவர் காலமாகி, அவ்வாண்டு நவம்பரில்தான் படம் வெளிவந்தது. பாட்டுகளுக்கு இடையே அவர் ஏறக்குறைய எதுவுமே பேசுவதில்லை என்பதை அதில்தான் கண்டேன்.

இசைத்தட்டோ 1972 ஜூன் மாதமே வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு கிராமி பரிசும் பெற்றது. பதிவு நடந்த இரு வாரத்துக்குள், ஜனவரி 27இல், மஹாலியா ஜாக்ஸன் மறைந்தார். சிகாகோவில் நடந்த அஞ்சலியில் அரீத்தா டார்ஸியின் அதே கீதத்தைப் பாடினார். இரட்டைத் தட்டில் இடமில்லாமல் விடுபட்டவற்றையும் சேர்த்து, இரு இரவுகளின் பாட்டுகளையும் பாடிய வரிசையிலேயே 1999இல் வெளியிட்டார்கள். சில பாட்டுகளை இரண்டு இரவுகளிலுமே பாடியிருக்கிறார். சங்கீதத்தில் ருசியுள்ளவர்கள் மார்வின் கேயின் பாட்டை இரண்டு இரவுப் பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கவேண்டும்.